தொடாத தட்டு

தொட்ட தட்டில் ஒன்றும் வளரவில்லை. தொடாத தட்டில் வளர்ந்திருந்தது. அவள் இரண்டையும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கை மாற்றிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். பார்வையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டும் பார்த்தாள்.

உயிரித் தொழில்நுட்பம் படிக்க வருகிறவர்கள் முதலாண்டிலேயே செய்து முடித்துவிடும் எளிய சோதனை அது. கழுவாத விரல்களை ஒரு தட்டில், கிருமி வளர்க்க ஊற்றி உறைய வைத்த அகார்க் கூழில், மெல்லப் பதிக்க வேண்டும். கழுவிய விரல்களை இன்னொன்றில். மூன்றாவது தட்டை யாரும் தொடக் கூடாது. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். உடலின் சூட்டிலேயே எப்போதும் இருக்கும் இன்குபேட்டருக்குள் மூன்றையும் ஓர் இரவு வைத்தால், விரலில் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பெருகித் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். தொடாத தட்டு மட்டும் வெறுமையாக இருக்க வேண்டும். அது வெறுமையாக இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் நம்புவதற்கில்லை.

அவள் இறுதியாண்டு மாணவி. கைகழுவும் திரவங்களை ஒப்பிடும் அவளுடைய ஆய்வு முழுவதும் இந்த எளிய சோதனையின் மேல்தான் நின்றது. இது தேறாவிட்டால் அடுத்த ஆண்டும் ஜூனியர்களோடு இதே மேசையில் உட்கார வேண்டும். மகள் பட்டம் வாங்கப்போகிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பேராசிரியை தட்டை வாங்கிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பேர மூடியில எழுதியிருக்கியே. மூடி மாறிப்போச்சுன்னா எது எதோடதுன்னு யாருக்குத் தெரியும்? அடித்தட்டுல எழுதணும்னு முதல் வகுப்புலயே சொன்னேன்ல?”

வெட்கமாக இருந்தாலும் அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். மூடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மறுமுறை கவனமாக அடித்தட்டிலேயே தன் பெயரையும் ‘கன்ட்ரோல்’ என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதினாள். மூடியில் திரளும் நீர் கூழின்மேல் சொட்டாமல் இருக்கத் தட்டுகளைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். ஆகவே அடித்தட்டு மேலே இருக்கும். எழுத்து நேராகத் தெரியும். மூடியின் பக்கமாகப் பார்த்தாலோ, கூழுக்கு அப்பால் அதே எழுத்துகள் இடவலம் மாறி, தண்ணீருக்கு அடியில் கிடந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் மிதக்கும்.

மறுநாளும் அதே கதை. விரல் பதித்த தட்டுகளில் பள்ளம் இருந்தது, உயிர் இல்லை. கன்ட்ரோலில் ஐந்து வெள்ளைத் திட்டுகள்.

அவளோடு ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட தோழியை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஓயாமல் கைகழுவும் இவளுக்கு ஈரக்கை என்று பெயர் வைத்தவளும் அந்த நெட்டைதான். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“கிருமிக்குக்கூட உன்னப் பிடிக்கல போலடி, ஈரக்கை.”

இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீதான் என் தட்டைத் திறந்து விளையாடுகிறாய் என்றாள். நெட்டை இல்லவே இல்லை என்று சாதித்தாள். பேச்சு முற்றி, இருவரும் முகம் திருப்பிக்கொண்டார்கள். அன்று மாலை இவள் கன்ட்ரோல் தட்டைச் சுற்றி ஒட்டுப்படலம் இழுத்து ஒட்டி, அதன்மேல் குறுக்காகப் பேனாவால் கோடும் போட்டுவைத்தாள். மறுநாள் படலம் பிரியவில்லை. கோடு கலையவில்லை. உள்ளே திட்டுகள் இப்போது விரல் நுனிகளாகத் திருந்தியிருந்தன, ரேகைகூடத் தெரிந்தது. மோதிர விரலின் நடுவே மட்டும் ஒன்றும் வளராத சாய்ந்த கோடு ஒன்று.

அவள் தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாமாண்டில் பழுக்கக் காய்ந்த கம்பி பட்டுச் சுட்ட வடு, அதே சாய்வில்.

இதை யாரிடம் சொல்வது? பேராசிரியையிடம் சொன்னால், நீயே தொட்டுவிட்டு என்னிடம் கதை விடுகிறாயா என்பார். துறை வாசலில் இருந்த விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவியும் அன்றிலிருந்து அவள் விரலை ஏற்க மறுத்தது. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், அழுத்தி வைத்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குதான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். விரல் வைத்தால் கைப்பேசியும் திறக்கவில்லை. ஆத்திரத்தில் ஆய்வகத் தரையின் தூசியில் விரல்களைத் தேய்த்து ஒரு புதுத் தட்டில் பதித்தாள். அதிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

சின்ன வயதில் பள்ளியில் கேட்ட ஒரு கதை அவளுக்கு நினைவு வந்தது. ஒரு நிழல் தன் உடலிடம், எப்போதும் நானே தரையில் கிடக்கிறேனே, நீ கொஞ்சம் படுத்துக்கொள், நான் நடந்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சியதாம். உடலும் இரக்கப்பட்டுப் படுத்துக்கொண்டதாம். பிறகு என்ன ஆனது என்று கேட்டுவிட்டு ஆசிரியர் கதையை அதோடு நிறுத்திவிட்டார்.

கடைசி வாய்ப்பு என்று சொல்லித்தான் பேராசிரியை இன்னொரு முறை செய்ய விட்டார். தட்டுகளைக் காலையில் தன் முன்னால்தான் திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அன்று மாலை வகுப்புகள் கலைந்து, நடைவழியில் காலடிகள் ஓய்ந்து, யாரோ சரியாக மூடாத குழாய் தொட்டியில் சொட்டும் ஓசை மட்டும் மிஞ்சியபோது, அவளால் விடுதிக்குப் போக முடியவில்லை. இன்குபேட்டர் இருக்கும், சன்னல் இல்லாத சின்ன அறைக்குள் நுழைந்தாள். ஈஸ்டும் ஈரத்துணியும் கலந்தாற்போன்ற பழகிய வாடைக்கு அடியில், அன்று வேறொன்றும் இருந்தது: தூங்கி எழுந்தவரின் போர்வைக்குள் இருக்கும் வாடை.

இன்குபேட்டரின் இரும்புக் கதவைத் திறந்தாள். அதற்குள்ளே இன்னொரு கதவு, கண்ணாடியால் ஆனது. உட்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தது.

அந்த வெண்மையில் ஐந்து விரல்களின் தடம்.

உட்பக்கத்தில்.

மோதிர விரலில் சாய்ந்த கோடு.

அவள் தன் கையைக் கண்ணாடியின் மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. சூடு தெரியவில்லை. கையை எடுத்தாள். வெளிப்பக்கத்தில் ஒரு தடமும் இல்லை. முகத்தை நெருக்கி ஊதினாள். மூச்சும் படியவில்லை. விரலைத் திருப்பினாள். வடு இல்லை. ரேகையும் இல்லை. வழவழவென்று, ஊற்றி ஆறிய கூழைப் போல.

பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது. அறையைப் பூட்டும் முறை அன்று நெட்டையுடையது. “நெட்டை, இங்க பாருடி,” என்றாள் இவள். நெட்டை இவளைக் கடந்து வந்தாள். குனிந்தாள். கண்ணாடிக்குள் பார்த்து, சண்டையெல்லாம் மறந்தவளாகச் சிரித்தாள்.

“எவ்வளவு நேரமாடி உள்ளயே இருப்ப? வா, பூட்டணும்.”

உள்ளிருந்து தாழ் விலகியது.

ஈரமான கை ஒன்று வெளியே நீண்டது. வடு உள்ள கை. நெட்டை அதைப் பற்றிக்கொண்டாள். “இன்னைக்குத்தான் உன் கை சூடா இருக்கு,” என்றாள்.

இவள் கத்தினாள். குரல் எங்கும் போய் முட்டவில்லை. கண்ணாடி மூடியது. இரும்பு மூடியது. சாவி திரும்பியது. இரண்டு பேருடைய காலடிகள், இரண்டு பேருடைய சிரிப்பு, நடைவழியில் தேய்ந்து மறைந்தன.

இருட்டு. உடலின் சூடு. முதுகுக்கு அடியில் குளிர்ந்த நீர்த்துளிகள். கையைத் தூக்கினாள், மேலே மெத்தென்று கூழ் தட்டியது.

அதற்கும் மேலே, அவளுடைய கையெழுத்தில், அவளுடைய பெயர். அதன் கீழே ‘கன்ட்ரோல்’.

இரண்டும் இடவலம் மாறி.