ரூபி வீட்டுப் பேச்சுக்கலம்

நினைவுச் சில்லை மாற்றிய மறுநாள் காலையில் மடிக்கணினி கண்ணைத் திறக்கவில்லை. தன்னுடையதாக இருந்திருந்தால் கோயில்பிள்ளை அப்படி வியர்த்திருக்க மாட்டார். அது மனைவி ரூபியுடையது. தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேடு முழுக்க அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது பல்கலைக்கழகம் போய்ச் சேராவிட்டால், பேரன் பேத்தி எடுத்த வயதில் அவள் வாங்கவிருந்த பட்டம் போயே போச்சு.

ரூபி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெரிய நினைவுச் சில்லைப் போட்டு அசத்திவிடலாம் என்று அதைத் திறந்தவர் அவர்தான். கடைசித் திருகாணியை முடுக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

"யாரக் கேட்டுத் தொறந்தீங்க?"

"ஒனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கோயில்பிள்ளை அண்ணாச்சி. வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

ரூபி உள்ளே போனவள்தான். அன்றிலிருந்து சோறு மேசைக்கு வந்தது, குழம்பு வந்தது, சொல் மட்டும் வரவில்லை.

சுவரில் செருகி மின்னேற்றிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மேசை விளக்கு முதல் மடிக்கணினி வரை சின்னக் கருவிகள் அத்தனைக்கும் பேச்சுக்கலம். குரல் பட்டால் அதிர்கிற மெல்லிய படலம். அந்த அதிர்வுதான் மின்சாரம். பேச்சு நின்றால், சேர்த்து வைத்தது அரை மணி நேரம் தாங்கும்; கனமான வேலை கொடுத்தால் சில நிமிடம்தான். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு குரலுக்கு இன்னொரு குரல் பதில் சொல்ல வேண்டும். தனியாகப் புலம்பினாலும் தொலைக்காட்சியை அலறவிட்டாலும் படலம் கல்லாகக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்தவர் ஏழு அத்தைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவராம். பேசாத வீடு ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

கோயில்பிள்ளைக்கும் தோன்றவில்லை. அணைந்து கிடந்த மேசை விளக்கும் கடிகாரமும்கூட, கணினி நினைப்பில் அவர் கண்ணில் படவில்லை. வீட்டில் பேச்சு இருக்கிறதா என்று எவன் சோதித்துப் பார்ப்பான்? பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். சில்லைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பழைய சில்லையே திரும்ப மாட்டினார். அதற்கும் எரியவில்லை என்றதும், உள்ளே இருக்கும் தாய்ப்பலகையையே கெடுத்துவிட்டோம் என்று முடிவு கட்டினார்.

மேலப்பாளையத்தில் பாத்துமுத்துவின் பழுதுக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே இரண்டு பேர், கல்யாண வீட்டுக் கறியில் எலும்பு அதிகமா, சதை அதிகமா என்று கழுத்து நரம்பு புடைக்க வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கணினியை மேசையில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

"இதுக்கு என்ன கேடு அண்ணாச்சி? நல்லாத்தான இருக்கு" என்றாள் பாத்துமுத்து.

அசடு வழியத் திரும்பினார். வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி கடை, எரிந்தது. மறுபடி வீடு, அணைந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாம் முறையாகப் போய் நின்றபோது பாத்துமுத்து கணினியைத் தொடவே இல்லை.

"வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?"

"நானும் ரூபியுந்தான்."

"பேச்சுவார்த்தை உண்டா?"

"அதெல்லாம் பேசத்தான் செய்யுதோம்."

"ரெண்டு பேருமா?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

"அக்காவ இங்க கூட்டிட்டு வாங்க. அவங்க மொகத்தப் பாத்தாத்தான் இது தொறக்கும். இருந்து அனுப்பிட்டுப் போகட்டும்."

"கூப்பிடணும்னா பேசணுமே."

"அத வீட்டுலயே பேசுனா இங்க எதுக்கு வரணும்?" என்றாள் பாத்துமுத்து.

சாயங்காலம் கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அவர் ரூபியின் எதிரே உட்கார்ந்தார்.

"கேக்காமத் தொறந்தது தப்புதான்."

ரூபி தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள்.

"அப்படிச் சொன்னதும் தப்பு."

"எப்படி?" என்றாள் ரூபி.

கணினியின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் மினுங்கியது.

"ஒனக்கு என்ன தெரியும்னு."

"ஒண்ணுந் தெரியாதவதான் இத்தன கொளத்தையும் அளந்தேனாக்கும்?"

திரை விரிந்தது. முகத்தைக் காட்டித் திறந்து ஆய்வேட்டை அனுப்பத் தொடங்கினாள். படங்களும் வரைபடங்களுமாக அது மெல்ல நகர்ந்தது. அண்ணாச்சி காப்பி போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், நிறைவாகக் குடித்தார்கள். திரை மங்கியது. பிணக்கின் மௌனத்துக்கும் இணக்கத்தின் மௌனத்துக்கும் வித்தியாசம் படலத்துக்குத் தெரியாது.

"பாதிதான் போயிருக்கு. சண்டைய விடாதீங்க."

"எதுக்குன்னு போடுறது?"

"தென்காசி பஸ் ஸ்டாண்டுல என்ன விட்டுட்டு ஏறிப் போனீங்களே, அதுக்குப் போடுங்க."

"நீ பின்னால வாரன்னுல்லா நெனச்சேன்."

அது நன்றாக ஓடியது. பிறகு மாமியார் கதை, மூத்தவன் கல்யாணம், உப்புக் கூடிய குழம்புகள். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அப்போது ரூபி, விளையாட்டாகத் தொடங்கியதை மறந்து கேட்டாள்.

"நான் படிக்கச் சேந்தப்ப, ஒங்க தங்கச்சி வீட்டுல வச்சு எல்லாரு முன்னாலயும் சிரிச்சீங்களே. எதுக்கு?"

அண்ணாச்சி காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். திரை மங்கிக்கொண்டே வந்தது.

"அணையுது. சொல்லுங்க."

"பயமா இருந்துச்சு. நீ பாட்டுக்குக் கொளம் கொளமாப் போயிருவ. நான் யாருகூடப் பேச?"

ரூபி அவரையே பார்த்தாள். வெளிச்சம் கடைசிப் பொட்டில் நின்றது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா அளவுகோலத் தூக்க ஒங்களத்தான கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"வெயில்லயா?" என்றார் அவர்.

ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தபோதுதான், சன்னலுக்கு வெளியே குடியிருப்பு முழுக்க இருண்டு கிடப்பது தெரிந்தது. அடுத்த வீடுகளின் மேசை விளக்கு, கைப்பேசி, கடிகாரம் எதிலும் துளி வெளிச்சம் இல்லை. கதவைத் திறந்தால், மூன்று மாடிக்காரர்களும் இவர்கள் சண்டையைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு படியிலேயே நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒங்க வீட்டுல மட்டும் எப்படி அண்ணாச்சி எரியுது?" என்றாள் கீழ்வீட்டுச் செண்பகம்.

"நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள் ரூபி. "நீங்கள்லாம் இவ்வளவு நேரம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. இருட்டு அப்படியே இருந்தது.