ஈரமும் ஒரு சந்தும்

நேற்று கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டி ஆப்பிள் மரத்தடியில் குவித்துவைத்த ஓடில்லாத நத்தைகளில் ஒரு துண்டுகூட அங்கே இல்லை. புல்லின்மேல் காய்ந்தும் காயாமலும் கோழை மட்டும் பளபளத்தது. புளித்த கஞ்சியில் மீன் அழுகியது போன்ற நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு இங்வில் புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தாள்.

பேர்கன் நகரின் ஓயாத மழை அன்று பிற்பகல் தூறலாகியிருந்தது. மரத்தடியில், வலை மூடிய தள்ளுவண்டியில், ஏழு மாதக் குழந்தை சீவ் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்வில்லுக்குப் பலமுறை கரு தங்காமல் போய்க் கடைசியில் தங்கிய ஒரே பிள்ளை. குளிரோ தூறலோ, பகலில் வெளியே தூங்கினால்தான் பிள்ளை தேறும். ஊரே அப்படித்தான் வளர்ந்தது.

பக்கத்து வீட்டுக் கிழவர் ஓத்வார் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார்.

"என்ன, பொணத்தைத் தேடுறியா? மத்ததுங்க தின்னு தீர்த்திருக்கும். கொலைகார நத்தைன்னு சும்மாவா பேரு வச்சோம்?"

"இந்தக் கருமம் எங்கேருந்துதான் வந்துச்சோ!"

"பூந்தொட்டி மண்ணோட. எங்கப்பா ஓடு உள்ள பெரிய நத்தையா ஆசைப்பட்டுக் கொண்டாந்து விட்டாரு. அந்த மகராசிக்குச் சுண்ணாம்பு மண்ணு வேணும், வெயில் வேணும், ஜோடி வேணும். ரெண்டே குளிர்காலம், பூண்டோட போச்சு. இதுக்கு அதெல்லாம் கிடையாது. கண்டதையும் தின்னும். தனியா ஒண்ணு வந்தாலும் முட்டை போட்டுரும். ஈரமா ஒரு சந்து கிடைச்சாப் போதும். ஆமா, வெட்டினதை எங்கே போட்டே?"

"மரத்தடியிலதான்."

அவர் சிரிப்பு நின்றது. "அடிப் பாவி! செத்த வாசனைக்குத் தெருவுல உள்ளதெல்லாம் வருமே!"

அவள் திரும்பினாள். வண்டியின் வெள்ளைச் சக்கரங்கள் பழுப்பாக இருந்தன. பழுப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஈரத் துணியை யாரோ பல்லால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம், விட்டுவிட்டு, வண்டிக்குள்ளிருந்து.

ஓடினாள். கால் வழுக்கியது. வலையைப் பிய்த்தாள். விரலெல்லாம் பிசுபிசுப்பு.

சீவ் விழித்திருந்தாள். அழவில்லை. கன்னம் உப்பியிருந்தது. எதையோ சப்பிக்கொண்டிருந்தாள்.

இங்வில் அவள் வாய்க்குள் விரலை விட்டாள். தடித்தது. வழுக்கியது. பிடித்து இழுத்தாள். வந்தது. வீசினாள். இன்னொன்று. அதையும் வீசினாள்.

வாய் காலியானது. இங்வில் மூச்சு விட்டாள். அம்மாவைப் பார்த்துச் சீவ் வாய் நிறையச் சிரித்தாள்.

பல் முளைக்காத ஈறெல்லாம், நாக்கின் அடியெல்லாம், வெந்த ஜவ்வரிசிபோல் முட்டைகள். அதற்கும் பின்னே, தொண்டைக்குழியில், ஒரு பழுப்பு வால் அவசரமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.