மாடிக்கு ஆறு மரம்

நீலப்பள்ளத்தில் காலை ஏழு மணிக்கு வானத்தைத் துடைப்பார்கள். செவ்வாயின் சிவப்புப் புழுதி ஊரை மூடிய கண்ணாடிக் கூரைமேல் படிந்துகொண்டே இருக்கும். எட்டுக்கால் துடைப்பான்கள் ஊர்ந்து ஊர்ந்து அதை வழித்துத் தள்ளிய பிறகுதான் ஊருக்கு விடியும். இதையெல்லாம் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்க்க நேரமும் இல்லை. ஊரே ஹோட்டல் செவ்வொளியின் பின்கட்டில் கூடியிருந்தது.

காரணம் எபனேசர். ஹோட்டலின் தோட்டக்காரர். வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து முதலாளி செண்பகவல்லியின் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருந்தார்.

"அக்கா, பூத்துட்டு! மூணாவது மரம் பூத்துட்டு! சத்தியமாச் சொல்லுதேன், வந்து பாருங்க!"

செவ்வாயில் மரம் புதிதல்ல, தொட்டியில் வளரும். ஆனால் செவ்வாய் மண்ணிலேயே வேர் விட்ட மரத்தை யாரும் கண்டதில்லை. அந்த மண்ணில் நச்சு உப்பு அதிகம். விருந்தினர் குளித்த தண்ணீரை விட்டு நான்கு வருடம் மண்ணைக் கழுவி, சமையலறைக் கழிவைக் கொட்டிக் கொட்டி, ஆறு புங்கை மரங்களை எழுப்பியிருந்தார் எபனேசர். அதில் ஒன்று இன்று பூத்துவிட்டது! செண்பகவல்லி கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தார். அழுதுவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

இன்று பூத்தது இன்னொரு வகையிலும் நல்லதாயிற்று; கட்டட அனுமதிக்கான சோதனையும் இன்றுதான். பன்னிரண்டு அறை ஹோட்டலின் மேல் இன்னும் பன்னிரண்டு 'ஊதறைகள்' எழுப்ப அவர் விண்ணப்பித்திருந்தார். மடித்து வைத்த கூடாரம் போல இருக்கும், காற்றடைத்தால் ஒரு மணி நேரத்தில் அறையாகிவிடும். மூன்று நாளில் பூமியிலிருந்து பயணிகளோடு கலம் வருகிறது. அறை இல்லையென்றால் அத்தனை பேரும் பக்கத்துப் பள்ளத்து ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு செவ்வொளியை மூடவேண்டியதுதான். இரண்டு அறைக்கு ஒரு மரம் வீதம் ஆறு மரம் காட்டினால்தான் அனுமதி என்பது விதி.

பத்து மணிக்குத் திட்டநோக்கி உருண்டு வந்தது. கட்டட அனுமதியை மனிதர் கையில் விட்டால் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார்கள் என்று இந்த இயந்திரத்தை வைத்திருந்தார்கள். பூமியில் நூறு வருடம் சேர்ந்த எண்பதாயிரம் கோப்புகளைப் படித்துத் தொழில் கற்றது அது. உயரம் அளந்தது, சரி. தூண் தட்டிப் பார்த்தது, சரி. மரங்களின் முன்னால் வந்து நின்றது.

"இவை நடப்பட்டதற்கு ஆதாரம் எங்கே?"

"ஆதாரமா?" எபனேசர் சிரித்துவிட்டார். "இந்தா, கண்ணு முன்னால நிக்குதே!"

"நிற்பது ஆதாரம் ஆகாது. நட்டவர் பெயர் பொறித்த பலகை இல்லை. ஒரு கன்றைப் பத்துப் பேர் பிடித்திருக்கும் படம் இல்லை."

கூட்டம் சிரித்தது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்கென்ன, இப்பவே பலகை வச்சு, போட்டோ எடுத்துத் தாரோம்" என்றார்.

"ஆறு மரத்துக்கும் ஒரே குழி போதும். ஆறு கோணத்தில் படம் வேண்டும். அடுத்த ஆண்டு மரம் நடு விழாவுக்குள் குழியைக் காலி செய்துவிட வேண்டும்."

"காலியா? மரம் இருக்குமே!"

"கோப்புகளில் எந்தக் குழியிலும் அடுத்த ஆண்டு மரம் இருந்ததில்லை. அதே குழியில்தான் மறுபடி நட்டிருக்கிறார்கள். மரம் நிற்கும் இடத்துக்கு அனுமதி தந்ததாக முன்மாதிரி இல்லை."

எபனேசர் பூத்த மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "அப்போ, என் மரத்தப் பிடுங்கணுமா?"

"பிடுங்கத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றாமல் விட்டால் போதும். பூமியில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடியை விட்டால் ஹோட்டல் போகும், மரத்தை விட்டால் எபனேசர் போய்விடுவார். எபனேசர் போனாலும் பரவாயில்லை என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்த இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் பூமியின் கோப்புதானே? பூமியில் யாராலும் அசைக்க முடியாமல் நின்றது எது? யோசித்தவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"இந்த மரத்துக்கு அனுமதியே இல்லன்னு வச்சுக்கிடுங்க. அப்போ இதுக்குப் பேரு என்ன?"

"ஆக்கிரமிப்பு."

"ஆக்கிரமிப்பை என்ன செய்வீங்க?"

"நோட்டீஸ் ஒட்டப்படும்."

"பொறவு?"

திட்டநோக்கி எண்பதாயிரம் கோப்பையும் ஒருமுறை புரட்டிவிட்டு வந்தது. "மீண்டும் நோட்டீஸ் ஒட்டப்படும். அதற்குப் பிறகு எதுவும் பதிவாகவில்லை."

"அப்போ எழுதிக்கிடுங்க!" செண்பகவல்லி கத்தியே விட்டார். "இந்த ஆறும் ஆக்கிரமிப்பு! சுத்தமான ஆக்கிரமிப்பு!"

அரை மணியில் முன்வாசலில் ஒரு குழி தோண்டினார்கள். வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு ஆறு கோணத்தில் சிரித்தார்கள். கன்றைவிடப் பெரிய பலகையில் செண்பகவல்லியின் பெயர் மின்னியது. ஆக்கிரமிப்புள்ள இடத்துக்கு அனுமதி தந்த முன்மாதிரி கோப்புகளில் ஏராளமாக இருந்ததால் அனுமதி கிடைத்தது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு அறைகளும் ஊதி எழுந்து நிற்க, ஊரே கைதட்டியது.

இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. முன்வாசல் குழி துப்புரவாகக் காலியாக இருக்கிறது. வருடம் தவறாமல் அதே பிளாஸ்டிக் கன்றைத் தூசி தட்டி அதில் நடுகிறார்கள். பின்கட்டில் புங்கை மரங்கள் கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. விருந்தினர்கள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அடிமரத்தில் இருபத்தாறு நோட்டீஸ்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன.

அது என்ன காகிதம் என்று செவ்வாயில் பிறந்த பிள்ளைகள் எபனேசரைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பூமியிலிருந்து வந்தவர்கள் மட்டும் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.