மழைமறைவுக்கு ஓர் ஊர்

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் சீருடையும் நனையவில்லை. வெள்ளம் ஓடியது கொள்ளிடக் கரையில், பாலூத்தங்கரை என்ற ஊரில். வகுப்பறை இருந்ததோ மேற்கு மலைக்கு இந்தப் பக்கம், மழை எட்டிக்கூடப் பார்க்காத சீத்தமலைப்பட்டியில். அங்கே ஓடுவதை இங்கே கொண்டுவந்து கொட்டியது நேர்நிலம்.

நேர்நிலம் வந்த பிறகு புவியியல் வகுப்பில் வரைபடமும் இல்லை, பாடப்புத்தகப் படமும் இல்லை. எந்த நிலத்தைப் பற்றிப் பாடமோ, அந்த நிலத்தில் அந்த நிமிஷம் நடப்பது சுவரிலும் தரையிலும் வந்து விரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாதிரி ஊர். வெள்ளச் சமவெளி என்றால் பாலூத்தங்கரை. கடைசியில் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி வரும்: பார்த்தது பாடத்தோடு பொருந்தியதா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?

"அஞ்சு நட்சத்திரம் டீச்சர்! ஒரு மாட்டுக்கொட்டகை அப்படியே மிதந்து போச்சு!"

"போடு, போடு. போட்டுட்டு உட்காரு," என்றார் ஜெபராணி டீச்சர். விடியலில் தண்ணீர் லாரி வரிசையில் நின்ற கால் இன்னும் கடுத்தது. இன்னும் மூன்று வகுப்பு பாக்கி.

சீத்தமலைப்பட்டிக்கும் ஒரு பெருமை இருந்தது. மழைமறைவுப் பகுதி என்ற பாடத்துக்கு அதுதான் மாதிரி ஊர். எங்கெங்கோ உள்ள பிள்ளைகள் அதன் வெடித்த மண்ணைப் பார்த்துப் படித்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவதோடு சரி. பாட நேரத்தில் தெருவுக்குள் தண்ணீர் லாரி வரக் கூடாது, மாடியில் பச்சையாக ஒரு செடித்தொட்டி இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சுடலைமுத்து வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். "ஊரான் பிள்ளைங்க படிப்பு கெட்டுரும்மா," என்பார். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய!

ஜெபராணியின் கணவர் தங்கதுரை, குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து எலுமிச்சை மரங்களின் மூட்டில் ஊற்றுவார். கல்யாணமான வருஷம் இரண்டு பேருமாக நட்ட தோப்பு அது. பாதி மரம் குச்சியாகிவிட்டது.

"இந்த ஐப்பசியும் ஏமாத்திட்டா வெட்டிருவோம் ராணி. திருப்பூர்ல எங்க அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்," என்றார் அன்று காலையிலும்.

"வெட்டுற அன்னைக்கு என்கிட்ட சொல்லாதீங்க. என்னால பார்க்க முடியாது," என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருந்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது.

"டீச்சர், நான் பாலூத்தங்கரை ஸ்கூல்ல புவியியல் வாத்தியார், தாஜுதீன். காலையில எங்க ஊருக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டது உங்க பிள்ளைங்கதானே?"

"ஆமா சார். ஏன், பத்தலையா?"

"அய்யய்யோ, போதும் டீச்சர்! எங்களை விட்டுருங்க. வருஷம் பூரா வீட்டுக்குள்ள தண்ணி. என் மகளுக்குச் சேத்துப்புண் ஆறவே மாட்டேங்குது."

அவர் சொல்லச் சொல்ல ஜெபராணி டப்பாவை மூடி வைத்தார். மேகங்களைத் திருப்பி ஓட்டும் மேகவோட்டி எந்திரங்களுக்கு, எது வறண்ட நிலம், எது வெள்ள நிலம் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் தினமும் பார்த்துச் சரி என்று சொல்வது நேர்நிலத்தில் தயாராக இருந்தது. எடுத்துக்கொண்டன. வெள்ள நிலத்துக்கு வெள்ளம் பழக்கம் என்று மழையை அங்கே தள்ளின. மழைமறைவு ஊரில் மழை பெய்தால் அது பிழை என்று மேகத்தை விரட்டின. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் ஜெபராணிக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லையே.

"மாதிரி ஊர் ஸ்கூல் போடுற நட்சத்திரத்துக்கு எடை ஜாஸ்தி டீச்சர். நீங்க எங்களுக்குக் குறைச்சுப் போடுங்க. நாங்க உங்களுக்குக் குறைக்கிறோம். வேற வழி எனக்குத் தெரியலை."

அடுத்த வகுப்பில் ஜெபராணி மறுபடியும் பாலூத்தங்கரையைத் திறந்தார். "எல்லாரும் 'பொருந்தவில்லை'ன்னு போடுங்க," என்றார்.

முதல் பெஞ்சில் இருந்த தன்ஷிகா எழுந்து நின்றாள். எதையும் கேட்காமல் செய்கிற பெண் இல்லை அவள். "டீச்சர், தண்ணி நிக்குதே? பொய்யில்லையா?"

"பொய்தான். பாவம் எனக்கு வரட்டும், நீ போடு."

ஐப்பசி முடிவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. பெய்தது என்றால் அப்படிப் பெய்தது! தங்கதுரை தோப்பில் நின்று தொப்பலாக நனைந்தார். குடை கொண்டுபோன ஜெபராணியும் குடையை மடக்கிவிட்டார். இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தார்கள். தை பிறக்கும்போது குச்சியாக நின்ற மரத்தில் தளிர் விட்டிருந்தது. சீத்தமலைப்பட்டி இனிமேல் மாதிரி ஊர் அல்ல என்று நேர்நிலம் அறிவித்தது. வருத்தப்பட்டது சுடலைமுத்து சார் ஒருவர்தான்.

ஆனால் பாடத்திட்டத்தில் மழைமறைவுப் பாடம் அப்படியே இருந்தது. பொதுத்தேர்வில் கேள்வியும் வரும். பாடம் இருந்தால் அதற்கு ஓர் ஊரும் வேண்டும்.

ஒருநாள் காலையில் தாஜுதீன் சார் செய்தி அனுப்பியிருந்தார்: "எங்க ஊர்ல தரை தெரியுது டீச்சர், உங்க புண்ணியம். எங்களுக்குப் பதிலா வந்த ஊர் வாத்தியார் எனக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்கார். நான் எடுக்கலை. நாம இப்போ அந்தப் புது ஊருங்களுக்கு நட்சத்திரத்தைக் குறைச்சா எந்திரம் வேற ஊர் தேடும். முதல்ல பழைய மாதிரி ஊரான நம்மளைத்தான் பார்க்குமாம். மாதிரி ஊர்ப் பேரு போனாலும் நம்ம நட்சத்திரத்துக்கு அந்த எடை இன்னும் ஒரு வருஷம் இருக்கு. யோசிச்சுக்கோங்க."

யோசிக்கத் தெம்பில்லாமல்தான் ஜெபராணி வகுப்பறைக்குள் நுழைந்தார். நேர்நிலத்தைத் திறந்தார். மழைமறைவுப் பகுதி. மாதிரி ஊர்: ஒட்டப்பாறை.

சுவர் முழுக்கப் புழுதித் தெரு. மாடிகளில் ஒரு செடிகூட இல்லை. அங்கேயும் யாரோ வீடு வீடாகச் சொல்லியிருப்பார்கள். வயசான ஒருவர் சோப்பு நுரை மிதக்கும் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, வாடிக்கிடந்த முருங்கையின் மூட்டில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, ஈரம் போகும்வரை அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெபராணியின் கைப்பையில் போன் அடித்தது. யாரென்று தெரியாத எண். ஆனால் என்ன கேட்பார்கள் என்று தெரியும்.

பிள்ளைகள் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தன்ஷிகா எழுந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு உண்மையைப் போடணுமா, பொய் போடணுமா?"

ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் தோப்பின் ஒரு மூலை தெரியும். பச்சையாக இருந்தது.

"உண்மையைப் போடும்மா," என்றார். "படிக்கிற பிள்ளைங்க பொய் சொல்லக் கூடாது."

வகுப்பு முழுக்க அஞ்சு நட்சத்திரம் விழுந்தது. போன் அடித்து ஓய்ந்தது. சற்று நேரத்தில் மறுபடி அடிக்கத் தொடங்கியது.