தீர்த்தம் குடிக்காத டாக்டர்

"வீ...ல்!"

அந்த அலறலில் பலாமரத்துக் குரங்குகள்கூட ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன.

டாக்டர் பூவிழி டீ டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் பாய்ந்தாள்.

கூடத்தின் நடுவே ஹெட் நர்ஸ் சாந்தம்மாள். முகம் தக்காளிச் சிவப்பு. இரண்டு கைகளும் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டாரு...! அதோ... ட்ரிப் ஸ்டாண்டைப் புடிச்சிக்கினு நிக்கிறாரு பாருங்க!"

"யாரு சிஸ்டர்?"

"சிவன்!"

பூவிழி திரும்பிப் பார்த்தாள். ட்ரிப் ஸ்டாண்ட் மட்டும்தான் நின்றது. அதற்கும் ஒரு சக்கரம் கிடையாது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது நீலகண்டர் அருள் ஆஸ்பத்திரி. ஆசிரம டிரஸ்ட் நடத்துவது. வாசலில் வைத்தியநேரம் எழுதிய போர்டைவிட, 'நோயாளியைத் தொடுமுன் இறைவனைத் தொழு' என்ற போர்டு நாலு மடங்கு பெரிது.

தினமும் காலையில் பிரார்த்தனை. முடிந்ததும் சந்நிதியில் வைத்த செப்புச் செம்பிலிருந்து ஆளுக்கு ஒரு கை தீர்த்தம். பிறகு அதே செம்பு வார்டுக்குள் நுழைந்து கட்டில் கட்டிலாகப் போகும். மாத்திரை தாமதமாகலாம். செம்பு தாமதமானதில்லை!

பூவிழி ஆலங்காயத்துப் பெண். மேற்படிப்புக்காக இங்கே வந்து மாட்டிக்கொண்ட ரெசிடெண்ட் டாக்டர். கடவுள் நம்பிக்கை இல்லை. அதைப் பற்றி யாரிடமும் பிரசங்கம் செய்யும் வழக்கமும் இல்லை. பிரார்த்தனை நேரத்தில் வாசலில் நின்று டீ குடிப்பாள். அவ்வளவுதான் அவளுடைய நாத்திகம்.

ஆனால் சாந்தம்மாளுக்கு அது பொறுக்காது.

"ஒரு டாக்டரு குடிக்காம உட்டா வார்டுக்கு ஆவாது டாக்டரம்மா. உம் பங்கையும் நானே குடிச்சிடறேன். இன்னா பண்றது... உன் பாவத்தையும் நான்தான் கழுவணும்!"

ஒன்றரை வருஷமாகப் பூவிழியின் பங்கையும் சேர்த்துக் குடித்து வந்தாள் மகராசி.

இன்றைக்கும் குடித்திருந்தாள்.

பூவிழி அவள் நெற்றியைத் தொட்டாள். அடுப்பு! வேர்வை ஒரு சொட்டு இல்லை. நாக்கு அப்பளமாகக் காய்ந்திருந்தது. டார்ச்சை அடித்தாள். கண்மணி இரண்டும் விரிந்து, வெளிச்சத்துக்குக் கொஞ்சமும் சுருங்க மறுத்தன.

அவள் பார்வை சந்நிதிப் பக்கம் போனது.

நேற்றுப் பிரதோஷம். சிவலிங்கத்தின் மேல் வாடிய ஊமத்தம்பூ மாலை.

"ஐயோ...! ஊமத்தை!"

சுற்றிலும் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் மொத்த ஊழியர்களும் கைலாயத்தில் இருந்தார்கள்!

பார்மசிக்காரர் சுவரோடு கபடி ஆடினார். வார்டு ஆயா இல்லாத பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலைமை டாக்டர் ஆதிநாராயணன்... தினமும் காலையில் வேதத்தில் அறுவை சிகிச்சை பற்றி அரை மணி நேரம் முழங்குகிறவர்... ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"நந்தி தேவா...! இத்தனை நாள் எங்கேப்பா இருந்தே?"

செம்பு? ஆயாவின் காலடியில் இருந்தது. இன்னும் வார்டுக்குள் போகவில்லை! பூவிழி அதைப் பறித்து, தட்டால் மூடி, சந்நிதியிலேயே கொண்டுபோய் வைத்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கைவைக்கத் துணியாத ஒரே இடம் அதுதான் என்று நினைத்தாள்.

படித்தவர்கள் செய்யும் தப்பு!

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். விஷக் கேஸ் என்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதையும் செய்தாள்.

அப்போதுதான் டிரஸ்ட் செயலாளர் பஞ்சாட்சரம் கூடத்துக்குள் வந்தார். பட்டு ஜிப்பா. கழுத்தில் எலுமிச்சை சைஸில் ருத்ராட்சம். வாயில் வெற்றிலைச் சாறு ததும்பியது.

"அற்புதம்! டாக்டர், எனக்கும் தரிசனம் கிடைச்சுது! ஜடாமுடி... சூலம்... எல்லாம் தெளிவா!"

"இது அற்புதம் இல்லைங்க. விஷம்."

"நாவை அடக்கும்மா! எல்லாருக்கும் தெரிஞ்ச சாமி உனக்கு மட்டும் தெரியலேன்னா, கோளாறு சாமிகிட்டயா, உங்கிட்டயா?"

பூவிழி அதற்குள் நகர்ந்துவிட்டாள். சாந்தம்மாளைக் கட்டிலுக்கு இழுத்துப்போய் ட்ரிப் ஏற்றினாள். ஈரத்துணி போர்த்தினாள். காய்ச்சல் நூற்று நான்கு!

*

ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் தனசேகரன் இறங்கினார். நெற்றி நிறையப் பட்டை. வழுக்கைத் தலை. உள்ளே நுழைந்ததும் ஷூவைக் கழற்றினார்.

"சார், இந்தப் பக்கம். ஒரு நர்ஸ் சீரியஸா..."

"இரும்மா. சாமி வூடு. மொதல்ல அவருக்கு ஒரு கும்பிடு. அப்புறம்தான் டூட்டி."

சந்நிதிக்குள் போனார். சற்று நேரம் கழித்து, வழுக்கைத் தலையை ஒரு தரம் தடவிக்கொண்டு திரும்பினார்.

"இன்னா விஷயம்?"

பூவிழி வாயைத் திறப்பதற்குள் பஞ்சாட்சரம் முந்திக்கொண்டார்.

"சார், விஷம்னு சொல்றது இந்தப் பொண்ணுதான். சரி... விஷம்னே வெச்சுக்குவோம். எல்லாரும் குடிச்சோம். குடிக்காம இருந்தது யாரு? கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் பூவிழியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏம்மா குடிக்கல?"

"நான் என்னைக்குமே குடிக்கிறதில்லைங்க."

"உடம்புக்கு ஒத்துக்காதா?"

"நம்பிக்கை இல்லைங்க."

"யாரு மேல?"

பூவிழி மேலே கையைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சாமி இல்லேங்கிறா சார்!" பஞ்சாட்சரம் விளக்கினார். "ஒன்றரை வருஷமா பொறுத்துக்கினோம். இன்னிக்கு எங்க தீர்த்தத்துலயே கை வெச்சுட்டா! எங்க பேரைக் கெடுக்கணும்... அதான் நோக்கம்!"

"ஸ்ட்ராங் மோட்டிவ்!" என்றார் இன்ஸ்பெக்டர். "தீர்த்தம் எங்கே? சாம்பிள் எடுக்கணும்."

"சந்நிதியில மூடி வெச்சிருக்கேங்க."

அதுவரை ஜீப்பிலேயே இருந்த கான்ஸ்டபிள் திரௌபதியைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். அவள் போன வேகத்தில் திரும்பினாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

காலி!

பூவிழி செம்பை வாங்கி உள்ளே பார்த்தாள். "அரைச் செம்பு இருந்துச்சே...!"

"இருந்துச்சு. இப்ப இல்லே. சாட்சியத்தை அழிச்சது யாரு? வெச்ச எடம் யாருக்குத் தெரியும்? உனக்கு மட்டும்தான்!" இன்ஸ்பெக்டர் உதட்டை நக்கிக்கொண்டார். "திரௌபதி, தண்ணி குடு. இன்னா வெக்கை... மலைன்னு பேரு. ம்... இந்தப் பொண்ணை ஜீப்புல ஏத்து."

"நான் ஜீப்புல ஏறினா அந்தம்மா செத்துடுவாங்க!"

"பெரிய டாக்டரு இருக்காரே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆதிநாராயணன் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரஷர் ரொம்ப அதிகம்...!" என்றார் கவலையோடு.

அன்றைக்கு அவர் சரியாகச் சொன்ன ஒரே டயக்னாசிஸ்.

அந்த நேரம் பார்த்துக் கட்டில் தடதடத்தது. சாந்தம்மாளுக்கு வலிப்பு!

பூவிழி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "மேடம், காலைப் புடிங்க!" என்று திரௌபதியை அதட்டினாள். ஊசியை ஏற்றினாள். உடம்பின் துள்ளல் மெல்ல மெல்ல அடங்கியது.

"சிறுநீர் அடைச்சிருக்கு. ட்யூப் போடணும். ஊமத்தை உள்ளே போனா மூத்திரம் தானா வெளியே வராது."

"சாவணும்னு விஷம் வெச்சவ எதுக்கு மேடம் இவ்ளோ பாடு படறா?" திரௌபதி இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள்... மேடம் என்று!

பழைய ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர்; அந்தப் பழக்கதோஷம். ஆனால் இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. காலரைத் தளர்த்திவிட்டு, போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தை எவன்டா கலைச்சு வெச்சது?"

"குடுங்க சார், நான் படிக்கிறேன்" என்று பஞ்சாட்சரம் அதை வாங்கினார். "மேலிடத்துலேர்ந்து மெசேஜ். 'நிலைமை என்ன'ன்னு கேட்டிருக்காங்க." தன் போனையும் எடுத்தார். "நானும் இங்கேர்ந்து ஒரு செய்தி அனுப்பிட்டேன் சார், கேளுங்க. 'ஜவ்வாது மலையில் சிவபெருமான் நேரில் காட்சி! நீலகண்டர் அருள் ஆஸ்பத்திரியில் பக்தர்கள் பரவசம்!' பொடி எழுத்துலதான் இருக்கு..."

பூவிழி பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார்... நீங்களும் தீர்த்தம் குடிச்சீங்களா?"

"ஒரு கை! சிந்தாம!"

"ஊமத்தை குடிச்சவனுக்குக் கிட்டப் பார்வை போயிடும். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வாய் காய்ஞ்சு போகும். உங்க வாயில வெற்றிலைச் சாறு வழியுது."

டார்ச் பளிச்சிட்டது. பஞ்சாட்சரத்தின் கண்மணி ஒழுங்காகச் சுருங்கி நின்றது.

"நீங்க ஒரு சொட்டுகூடக் குடிக்கலை!"

"அது... எனக்குச் சாமி அருள் ஜாஸ்தி. விஷம் தாக்கலை!"

"விஷமா? அற்புதம்னீங்களே?"

பஞ்சாட்சரம் ருத்ராட்சத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் வாசலில் ஹாரன்.

பீ...ப்! பீ...ப்!

ஆம்புலன்ஸ் இல்லை. ஒரு மினி ஆட்டோ! அதன் தலைமேல் சுருட்டிக் கட்டிய நீளமான ஃப்ளெக்ஸ்.

"செயலாளர் சாரு இருக்காருங்களா?" டிரைவர் கோபால் கொண்டை ஊசி வளைவுகளைத் திட்டிக்கொண்டே இறங்கினான். "இன்னா சார், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கோம். எங்க கட்டறது? பிரிச்சுக் காட்டட்டுங்களா?"

"வேணாம்! பிரிக்காதே! திருப்பி எடுத்துக்கினு போ!"

"நேத்து மத்தியானம் அப்படி அவசரப்படுத்தினீங்களே சார்!"

திரௌபதி கயிற்றை அவிழ்த்தாள். ஃப்ளெக்ஸ் சரசரவென்று முற்றத்தில் விரிந்தது.

'சிவபெருமான் நேரில் காட்சியளித்த திருத்தலம்! பக்தகோடிகளே வருக!'

கீழே இன்றைய தேதி. பக்கத்தில் கும்பிட்ட கையோடு பஞ்சாட்சரம். சிவனைவிடக் கொஞ்சம் பெரிதாக!

பூவிழி குனிந்து தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னிக்குக் காலையில வந்த சிவன்" என்றாள் பூவிழி, "நேத்து மத்தியானமே உங்ககிட்ட தேதி குடுத்துட்டாரா?"

பஞ்சாட்சரம் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாவடிக்கணும்னு இல்லே டாக்டர்... சத்தியமா! கொஞ்சூண்டு ஊமத்தை விதைதான்... வியாதிக்குன்னு இந்த மலைமேல எத்தனை பேரு வருவான்? அற்புதம்னா பஸ்ஸு பஸ்ஸா வருவான். சாமி இருந்தாத் தானா வந்திருப்பாரு. இத்தனை வருஷமா வரலையே... அதான் நான் வரவழைச்சேன்!"

"அப்ப உங்களுக்கும் நம்பிக்கை இல்லே."

"எனக்கு எப்படிம்மா இருக்கும்? நான் செயலாளர்!"

கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. பூவிழி ஓடினாள். சாந்தம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

"டாக்டரம்மா... சிவன் எங்கே?"

"ஊசி போட்டதும் கிளம்பிட்டாரு சிஸ்டர்."

"சொல்லிக்காமலா?" சாந்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பங்கையும் குடிச்சேனே... அதான் இப்படியாச்சா?"

"ஆமா சிஸ்டர்."

"நாளையிலேர்ந்து உன் பாவத்தை நீயே பாத்துக்கோ!"

வெளியே இன்ஸ்பெக்டரின் கர்ஜனை கேட்டது. "டேய்! ஓடப் பாக்கிறியா? சட்டத்தோட கை நீளம்டா!"

க்ளிக்!

விலங்கு பூட்டப்பட்ட சத்தம். பூவிழி நிம்மதியாக எட்டிப் பார்த்தாள்.

பஞ்சாட்சரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் தனசேகரன் விலங்கு மாட்டியிருந்தது, கூடத்திலிருந்து இழுத்து வந்த ட்ரிப் ஸ்டாண்டுக்கு!

"திரௌபதி! அக்யூஸ்டை ஜீப்புல ஏத்து! எஸ்.பி. ஐயா பலாமரத்துலேர்ந்து பாத்துக்கினு இருக்காரு!" மரத்துக்கு ஒரு விறைப்பான சல்யூட்.

முகம் தக்காளிச் சிவப்பு. டார்ச் தேவைப்படவில்லை. கண்மணி இரண்டும் தூரத்திலிருந்தே தெரிந்தன.

பூவிழிக்கு அந்த வழுக்கைத் தலைத் தடவல் இப்போதுதான் உறைத்தது. தீர்த்தம் குடித்த கையை உச்சந்தலையில் துடைப்பதுதானே வழக்கம்!

"உங்க ஐயா சந்நிதியில எவ்ளோ குடிச்சிருப்பார்?"

"பக்தி ஜாஸ்தி டாக்டர். செம்பைப் பாத்தா மிச்சம் வெக்க மாட்டாரு." திரௌபதி பஞ்சாட்சரத்தின் ஜிப்பாவைக் ஒரு கையால் கொத்தாகப் பிடித்தபடி மறு கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ... இருந்த ஒரே சாட்சியத்தையும் இன்ஸ்பெக்டரே குடிச்சிட்டாரே! கோர்ட்டுல எதைக் காட்டறது?"

பூவிழி புது ட்யூப் ஒன்றின் உறையைக் கிழித்தாள்.

"கவலைப்படாதீங்க மேடம். நீலகண்டருக்கு விஷம் தொண்டையில நின்னுச்சு. உங்க ஐயாவுக்கு மூத்திரப்பையில நிக்குது... பாட்டிலும் சீலும் மட்டும் ரெடி பண்ணுங்க!"