ஜன்னல் அக்காவைப் பார்த்துக்கொள்பவள்

ஜன்னல் அக்காவின் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் சரியாகப் போடப்பட்டிருந்தன. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. அக்காவின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போய் வருடக்கணக்காகிறது. அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது.

அவள் வகை பிரிக்க வந்தவள். அந்த மனநல மருத்துவமனையில் நெடுங்காலமாகத் தங்கிவிட்ட பெண்களின் வார்டை மூடப்போகிறார்கள். யாருக்கு எவ்வளவு துணை தேவை என்று அதற்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கலாம், அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும், கூடவே ஆள் வேண்டும் என்று மூன்று வகை. முதல் வகைக்குச் சின்னதாக ஒரு வீடு, கையில் சாவி. மூன்றாம் வகைக்கு வேறு ஊரில் வேறு வார்டு, கடைசிவரை. ஏதோ பரீட்சை முடிவு மாதிரி ஊழியர்கள் 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று கேலி பேசிக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பாக ஒன்று போட்டால் அக்கா அந்த வீட்டில் தண்ணீர் எடுத்துக் குடிக்க வழியில்லாமல் கிடப்பார். தப்பாக மூன்று போட்டால் வெளியுலகத்தையே பார்க்க மாட்டார்.

"இவங்களுக்கு யாரு சட்டை போட்டுவிடறது?"

"நைட் ஷிப்ட்தான் மேடம்," என்றாள் பகல் நர்ஸ். "நாங்க வரும்போதே குளிச்சு, தலை சீவி, ஜம்முனு உக்காந்திருப்பாங்க. எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய இரவு நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். "நாங்க எங்க செய்யறோம்? ராத்திரி நாங்க வரும்போதே துணி மாத்திப் படுத்திருப்பாங்க. நீங்கதான் செய்யறீங்கன்னு நெனச்சோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா இந்த வார்டுக்கு வந்ததிலிருந்து பகல்காரர்கள் இரவுக்காரர்களையும், இரவுக்காரர்கள் பகல்காரர்களையும் நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். "அப்ப அவங்களே செஞ்சுக்கறாங்க போல," என்று பகல் நர்ஸ் பேச்சை முடித்து வைத்தாள். "ஒன்னு போட்டுடுங்க மேடம்."

அவள் போடவில்லை. வகை பிரிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும், என்ன நடந்தாலும் உதவக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்பது விதி. அக்காவுக்கு அந்தப் பெயர் வாங்கித் தந்த ஜன்னலோரக் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பினாயிலும் பழைய மெத்தையும் கலந்த நெடி, மின்விசிறியின் முனகல், எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். மதிய வெயில் கம்பிகளினூடே வந்து தரையில் நகர்ந்து நகர்ந்து மற்றக் கட்டில்களின் கால்களைத் தொடும்போதுதான் கவனித்தாள், மற்ற எல்லாக் கட்டில்களும் இந்தக் கட்டிலைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. சுவரோரம் படுத்திருந்த பெண்கள் யாரும் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

மருந்து வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். மீண்டும் அக்காவைப் பார்த்தபோது அவர் தலையில் புதிதாக வகிடு எடுத்திருந்தது. சீப்பின் பல் பட்ட ஈரக்கோடுகள் இன்னும் காயவில்லை. காற்றில் வெந்நீரும் சோப்பும் மணத்தன. குளிப்பாட்டி முடித்த கையின் மணம்.

"யாருக்கா செஞ்சுவிடறாங்க?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ உறவுக்காரி விசாரிப்பதுபோல அவ்வளவு வாஞ்சையாகக் கேட்டார். "நீ சாப்பிட்டியாம்மா?"

அம்மா போனபிறகு அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"உன்னைப் பாத்துக்க யாரு இருக்கா?"

எல்லா நோயாளிகளிடமும் அவள் கேட்கும் கேள்வி அது. அவளிடம் யாரும் கேட்டதில்லை. பூட்டிய வீடும், ஒற்றைத் தட்டும், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றாக நெஞ்சில் முட்டின. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"யாரும் இல்லக்கா."

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டது. கட்டிலின் மறுபக்கம் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்து சமமானது. யாரோ எழுந்துவிட்டார்கள்.

அக்காவின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு அடுத்த விரல். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

"மன்னிச்சுக்கம்மா. நானும் இப்படித்தான் யாருமில்லன்னு ஒருத்திகிட்ட வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

அவள் 'ஒன்று' போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். பேருந்தில் நிற்க இடமில்லை. ஆனால் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. ஒரு பெரியவர் உட்காரப் போய், "ஆள் இருக்காங்களா, சரி," என்று நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். பொழுது இன்னும் சாயவில்லை. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு கத்தினார்கள். பையை இறக்கப் போனாள். பை ஏற்கெனவே தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. வார் முடியில் சிக்காமல், பக்குவமாக.

"வேண்டாம்," என்றாள். "நானே செஞ்சுக்குவேன்."

வெந்நீர் மணம்.

போனை எடுத்தாள். யாரையாவது கூப்பிட வேண்டும். யாராவது ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும், இது போய்விடும். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அலுவலகம். வங்கி. மருந்துக்கடை. பிளம்பர். அலுவலகம். விரல்கள் மரத்தன. போன் நழுவியது. கீழே விழவில்லை. மேஜைமேல் போய் ஓரமாக உட்கார்ந்தது.

முதுகில் ஒரு கை. படுக்கைவரை நடத்திச் சென்றது. அவள் கால்கள் நடந்தன. அவளைக் கேட்காமலே நடந்தன.

"எனக்கு ஆள் இருக்கு. கேளு. எனக்கு ஆள் இருக்கு."

போர்வை கழுத்துவரை ஏறியது. ஓரங்கள் செருகப்பட்டன. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இன்னும் இறுக்கமாக. கால்மாட்டில்.

யார் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர். உயிரோடு இருக்கிற ஒரே ஒரு பெயர். வாயைத் திறந்தாள்.

"அம்மா..."

தன்னைத்தான் கூப்பிட்டாள் என்பதுபோல மேலே ஏதோ நெகிழ்ந்து பெருமூச்சு விட்டது. அகலமான, ஈரமான உள்ளங்கை ஒன்று அவள் இரண்டு கண்களையும் சேர்த்து மூடியது. இன்னொரு கை நெஞ்சில் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. வெளியே பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் ஒவ்வொரு பிள்ளையாக வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், தெரு அடங்கியது, கண்மேல் இருந்த கை மட்டும் எடுக்கப்படவில்லை.