ஜெனிபரின் சைக்கிள் மணிக் கடிகாரம்

ஜெனிபரின் அப்பா மோசஸுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கை சும்மா இருக்காது. ஆறு நாள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குழாய் கம்பெனி வேலை. ஏழாம் நாள் சர்ச்சுக்குப் போய் வந்ததும், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கடிகார வேலை.

பேட்டரி, கரண்ட் எதுவும் கிடையாது. பிளைவுட்டில் அறுத்த பல்சக்கரங்கள், ஓர் ஊசல், எடைக்கு மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான், ஓடும். கடையில் வாங்கினால் ஆகாதா என்று அம்மா கேட்பாள். அப்பாவுக்கு அது மட்டும் காதில் விழாது.

இந்த முறை கடிகாரம் ஆறாம் வகுப்பு ஜெனிபருடையது. மூன்று மாதம் ஒவ்வொரு பல்லையும் அவளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். இதில் ஒரு விசேஷம், மணியடிக்கும். பழைய சைக்கிள் மணியின் மூடியை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, சட்டத்தை ஒரே ஒரு திருகில் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் குட்டிச் சுத்தியல். காலாண்டு விடுமுறையில் அது முதன்முதலாக ஒன்பது அடித்தபோது ஜெனிபருக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் இருந்தது வரிசையாகச் சுவர் ஒட்டிய லைன் வீடு. கடிகாரம் மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அன்புராஜ் அண்ணன் வீடு.

புதன்கிழமை சாயந்திரம் குழாயடியில் அவரைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, நேத்து நாங்க பொன்னேரி போய்ட்டோம். நடுவுல கடிகாரம் நின்னுச்சோ இன்னாவோ."

"நிக்கல ஜெனி. பத்துக்குப் பத்து, பன்னெண்டுக்குப் பன்னெண்டு. ஒண்ணுகூடத் தப்பல. கேட்டுக்கினேதான இருந்தேன்."

குதித்துக்கொண்டு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். அண்ணனுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலை எட்டுக்கு வந்து மதியம் இரண்டு வரை தூங்குபவர் எப்படிப் பன்னிரண்டையும் எண்ணினார்?

திரும்பிப் போய்க் கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

"நீ ஆசையா செஞ்சது. நான் இன்னான்னு சொல்றது?"

"தூங்காம, கை மாட்டினா நசுக்குற பிரஸ் மெஷினையா ஓட்டுறீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "உஷாராத்தான் ஓட்டுறேன்" என்றார்.

ஜெனிபருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. மணியடிக்காவிட்டால் அது என்ன பெரிய கடிகாரம்?

ஆனாலும் மறுநாள் காலை எட்டு அடித்ததும், சுத்தியல் அசையாமல் நூலால் கட்டிவைத்தாள். இரண்டு மணி தாண்டி அவிழ்த்தாள். மூன்று மணிக்குக் கடிகாரம் ஒன்பது அடித்தது.

"அதுக்குள்ள ஒம்போதா? நான் இன்னும் கொழம்பே வைக்கலியே" என்றாள் அம்மா.

அப்பா வந்து காரணம் சொன்னார். மணியடிக்கும் சக்கரம் முள்ளைப் பார்ப்பதில்லை. எட்டு அடித்தால் அடுத்தது ஒன்பது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தடுத்தால் கணக்குத் தவறிவிடும். எண்ணிக்கையைக் கையால் தள்ளிச் சரிசெய்துவிட்டு, மணியைக் கழற்றிவிடலாமா என்று தயங்கிக் கேட்டார்.

ஜெனிபருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குச் சுத்தியல் ஏழு முறை ஆடியது.

"அப்பா, சுத்தியல் ஆடட்டும். மணி மேல படாம இருந்தா போதும்ல?"

திருகைத் தளர்த்தி, மரச்சட்டத்தை மேலே திருப்பினாள். விரலால் சுத்தியலைத் தட்டிப் பார்த்தாள். மணிக்கு எட்டவில்லை. சட்டம் நிற்க வேண்டிய இரண்டு இடங்களிலும் பென்சிலால் எழுதினாள்: பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்.

"இது எனக்குத் தோணலியே" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை மதியம் சுத்தியல் பன்னிரண்டு முறை காற்றை அடித்தது. ஜெனிபர் கண்ணால் எண்ணினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம்.

"இந்தக் குறட்டைய நிறுத்தவும் ஒரு திருகு வெச்சிருக்கலாம்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை சாயந்திரம் அன்புராஜ் டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வாரம் பகல் ஷிஃப்ட். மணியத் திருப்பு, கேட்டுக்கினே டீ குடிக்கணும்."

ஜெனிபர் சட்டத்தைக் கீழே இறக்கினாள். ஆறு மணிக்குக் கடிகாரம் ஆறு அடித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.